பொரி போட்ட கசம்

மீன் வாடையே ஆகாத சைவ வீட்டில் பிறந்து, மீனைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள் என் அக்கா. அப்பாவுக்கு அதில் பெருமையா அவமானமா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவில் யாராவது, "மூத்தவ என்ன செய்யுதா?" என்று கேட்டால், "காலேஜ்ல பாடம் எடுக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். என்ன பாடம் என்று வாயைத் திறக்க மாட்டார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தேன். யூரியா, பொட்டாஷ், பூச்சிமருந்து. தம்பி மருந்து விற்பான், அக்கா அதை அடிக்காதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வாள். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவள் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் வியாபாரத்தில் கை வைத்தாள் என்பதற்காக மட்டும் இல்லை. அவள் பகைத்துக்கொண்ட ஆட்கள் அப்படி. தொண்ணூறுகளில் தாமிரபரணியில் தூண்டிலும் வலையும் பொறுமைசாலிகளின் வேலை. அவசரக்காரர்கள் தோட்டா போட்டார்கள். கல்குவாரியில் பாறை உடைக்கிற வெடிமருந்துக் குச்சிதான் தோட்டா. திரியைக் கொளுத்தி, ஆழமான இடமாகப் பார்த்து எறிவார்கள். தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பி விழும். பிறகு மீன்கள் வயிறு வெளுக்க மிதக்கும். மிதப்பதை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அமிழ்ந்தது அங்கேயே கிடந்து நாறும். செத்த மீனின் மேல் ஒரு கீறல்கூட இருக்காது. அக்கா அதைப் படித்துறையில் வைத்து பிளேடால் பிளந்து ஊர்க்காரர்களுக்குக் காட்டுவாள். உள்ளே ஈரலும் குடலும் கலங்கிக் கூழாக இருக்கும். நான் ஒருமுறை பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அவள் போலீசில் புகார் கொடுத்தாள். கொஞ்ச நாளில் ஒருவன் என் கடைக்கு வந்தான். தராசுக்குப் பக்கத்தில் அரிவாளை வைத்துவிட்டு ஒரு கிலோ யூரியா கேட்டான். நான் நிறுத்துக் கொடுக்கும்போது, "ஒங்க அக்காவ ஆத்துப் பக்கம் வராம பாத்துக்கிடும்" என்றான். யூரியாவை எடுக்காமலே போய்விட்டான். அதற்கப்புறம் ஒருநாள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது யாரோ ஒருவன் பையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்து, கன்னத்தில் அறைந்துவிட்டு ஓடினான். கன்னத்தில் விரல் தடத்தோடு வீட்டுக்கு வந்தாள். அம்மா ஒப்பாரியே வைத்துவிட்டாள். அக்கா தட்டைப் பார்த்தபடி, "இன்னும் கொஞ்சம் ரசம் விடும்மா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். நம் உடம்பு என்ன இரும்பா?

கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே ஆற்றோரமாக ஒரு ஊர். அங்கே ஆறு வளைகிற இடத்தில் தண்ணீர் ஆழமாகத் தேங்கி நிற்கும். அந்த மாதிரி இடத்தைக் கசம் என்போம். கோடையில் ஆறு மெலிந்து போனாலும் கசம் வற்றாது. சுற்றுவட்டார மீனெல்லாம் அங்கே வந்துதான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மழை வந்ததும் அங்கிருந்துதான் மேலும் கீழும் பரவும். "இந்த ஒரு கசத்தக் காப்பாத்திட்டோம்னா போதும்லே, ஆறு தன்னால பொழச்சிக்கிடும்" என்பாள் அக்கா. அவளுடைய ஆயுசு முழுக்க அந்த ஒரு கசத்துக்குள் கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தோட்டாவைப் போலவே கசத்துக்கு இன்னொரு எமனும் இருந்தான். ஊர் வயல்களின் கழிவுத் தண்ணீர் முழுவதும் ஒரே வடிகால் வழியாகக் கசத்தில்தான் விழும். நான் விற்ற மருந்தும் அதோடு சேர்ந்து விழும். அக்கா ஊர்ச் சாவடி முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் வடிகால் தண்ணீரைப் பிடித்து வைத்து, கசத்திலிருந்து உயிரோடு கொண்டுவந்த கெண்டைக் குஞ்சுகளை அதில் விட்டாள். முந்தின நாள்தான் மருந்து அடித்திருந்தார்கள். குஞ்சுகள் வாளிச் சுவரில் முட்டின, துள்ளின, ஒருக்களித்தன, பிறகு அசையவில்லை. அக்கா வாளியைக் கூட்டத்தின் பக்கம் நகர்த்தி வைத்தாள். கூட்டத்தில் ஊர் மடைக்காரர் நின்றார். வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. ஐம்பது வயது, ஆறடி ஆள், பேர்போன முன்கோபி. "இந்தத் தண்ணி சேருத ஆத்துலதானம்மா என் பேத்தி குடிக்கா?" என்று கேட்டார். அக்கா தலையை ஆட்டினாள். நேராக வீட்டுக்குப் போனவர், மருந்து தெளிக்கிற கருவியைத் தெருவில் போட்டு மண்வெட்டியால் அடித்து நொறுக்கினார்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு வியாபாரம் படுத்துவிட்டது. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தார்கள். வயலுக்குள் குச்சி நட்டார்கள். கரிச்சான் குருவிகள் அதில் உட்கார்ந்து பூச்சியைப் பொறுக்கின. எதிர்த்துப் பேசியவர்களை அக்கா பேசிச் சரிக்கட்டினாள். சிலரை மடைக்காரர் தம் வழியில் சரிக்கட்டினார். ஒருத்தன் களவாக மருந்து அடித்தான் என்று அவனை வரப்பிலேயே புரட்டி எடுத்துவிட்டார். அக்கா அவரைக் கண்டித்தாள். "நீங்க வாயால சொல்லுதிய டீச்சரம்மா, எனக்கு அந்த வாய் இல்ல" என்றார். அவளும் சிரித்துவிட்டாள்.

தோட்டாவுக்கு என்ன செய்வது? அதற்கு வழி கண்டுபிடித்தது அந்த ஊர்ப் பெண்கள். பாபநாசம் கோயில் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அது சாமி மீன், அதை யாரும் தொட மாட்டார்கள். "நம்ம கசத்துக்கும் பொரி போட்டா அதுவும் சாமி மீன்தான?" என்று ஒருத்தி கேட்டாள். அக்காவுக்குச் சாமி நம்பிக்கை குறைவு. ஆனாலும் அவளுக்கு அது பிடித்துப் போயிற்று. காவலுக்கு ஆள் போட வேண்டாம், சண்டை வேண்டாம். வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கசத்துப் படித்துறையில் நின்று பொரி போட்டார்கள். முதலில் நாலைந்து கெண்டைகள் எட்டிப் பார்த்தன. வருஷம் திரும்புவதற்குள் படியில் நிழல் விழுந்தாலே கசத்து மீன் முழுவதும் வந்து வாயைப் பிளந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். நானும் போய்ப் போட்டேன். என் உள்ளங்கையில் வந்து முட்டியது ஒன்று. கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

மீனுக்குப் பயம் விட்டுப்போனதை அங்கே யாருமே யோசிக்கவில்லை. மீனைக் கரைத்துக் குடித்த அக்காவும் யோசிக்கவில்லை.

ஆடி மாதம். சாரல் தூறிக்கொண்டிருந்தது. கார் பருவ நெல்லுக்குக் களையெடுப்பு நடந்த நேரம். காலையில் அக்காவை என் டிவிஎஸ் வண்டியில் வைத்து அந்த ஊருக்குக் கொண்டுபோய் விட்டேன். வரப்பில் நின்று அவள் மடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். கசத்துப் பக்கம் இருந்து அடுத்தடுத்து இரண்டு வெடிச் சத்தம் வந்தது. காலுக்கடியில் மண் அதிர்ந்தது. வயலில் குனிந்திருந்த பெண்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். அடுத்தாற்போல் ஒரு ஆணின் அலறல்.

ஓடினோம். கசத்தில் தண்ணீர் இன்னும் அடங்கவில்லை. நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்: தண்ணீர் தெரியவில்லை, வெள்ளை வயிறுதான் தெரிந்தது. கரை ஓரமாக, படியிலேயே, கையகலக் கெண்டையும் முழநீளக் கெளுத்தியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சில இன்னும் செவுளை அசைத்தன. அவற்றுக்கு நடுவில் பொரி மிதந்தது. வந்தவர்கள் பொரியைப் போட்டு மீனையெல்லாம் படிக்கு அழைத்துவிட்டு, அது வாயைப் பிளந்து நின்றபோது தோட்டாவை எறிந்திருக்கிறார்கள். அக்கா அந்தப் பொரியைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. அந்த முகத்தை நான் மறுபடி பார்க்க விரும்பவில்லை.

இரண்டு பேர் அக்கரைக்கு நீந்தி ஓடிவிட்டார்கள். ஒருவன் மட்டும் படியில் கிடந்தான். திரி குட்டையாகி, ஒரு தோட்டா கையிலேயே வெடித்துவிட்டது. வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. ரத்தம் படியிறங்கித் தண்ணீரில் கலந்தது.

ஊர் அவன் மேல் விழுந்தது. கல்லால் அடித்தார்கள், காலால் மிதித்தார்கள். களைக்கொட்டோடு ஓடிவந்த பெண்கள் அதனாலேயே கொத்தினார்கள். வெள்ளிக்கிழமை பொரி போடுகிற அதே பெண்கள். எனக்கும் கை ஊறியது, பொய் சொல்வானேன். மடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மண்வெட்டியின் பின்பக்கத்தால் அவன் முதுகில் ஓங்கிப் போட்டார். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் அலறுவதை நிறுத்தினான். மடைக்காரர் மறுபடி ஓங்கினார். அப்போதுதான் அக்கா குறுக்கே பாய்ந்து அவன் மேல் குப்புற விழுந்தாள். ஓங்கிய மண்வெட்டியை அவரால் நிறுத்த முடியவில்லை. அது அவள் தோளில் இறங்கியது.

"அண்ணாச்சி, போதும்! இவன் செத்தா ரெண்டு ஊரும் எரியும்!" என்று அக்கா அவன் மேல் கிடந்தபடியே கத்தினாள்.

அது வெறும் பேச்சில்லை. அந்த வருஷங்களில் எங்கள் மாவட்டத்தில் ஒரு ஊர்க்காரன் இன்னொரு ஊர்க்காரனைக் கை நீட்டிவிட்டால் மறுநாள் பஸ் ஓடாது. அதற்கு மறுநாள் வைக்கோல் படப்பு எரியும். அப்புறம் தலை உருளும். கிடந்தவன் எந்த ஊர் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மடைக்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த வேனை நான் மறித்தேன். தார்களுக்கு மேல் அவனைப் போட்டோம். அக்கா தன் முந்தானையைக் கிழித்து அவன் கையை இறுக்கிக் கட்டினாள், ஒரு கையால், பல்லால் முடிச்சிட்டு. அவளுடைய இன்னொரு கை தொங்கிக் கிடந்தது. அம்பாசமுத்திரத்தில் கட்டுப்போட்டு, அங்கிருந்து திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரி. வழியெல்லாம் அவன், "அம்மா, அம்மா" என்று அவளைத்தான் கூப்பிட்டான். நான் அவனை ஒரு அறை அறையலாமா என்று பார்த்தேன். அக்கா முறைத்தாள்.

அவன் பிழைத்துக்கொண்டான். கை போயிற்று, விலா எலும்புகள் போயின. அவன்மேல் வெடிமருந்துக் கேஸ். அக்காவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. அவளையும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டு நாளைக்குள் அங்கே இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர்தான், களைத்துப்போன மனிதர். "எல்லாக் காயமும் வெடியில பட்டதுன்னே எழுதிருதேன் மேடம். நீங்க படியில வழுக்கி விழுந்ததாச் சொல்லிருங்க. ஊருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது" என்றார்.

அன்று மத்தியானமே மடைக்காரரும் வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கட்டிலுக்கடியில் வைத்தார். அக்காவின் கட்டைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு அவரும் அதையேதான் கேட்டார்.

"வெடியில பட்டதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க டீச்சரம்மா. எங்க ஊர்ல ஒருத்தனும் இனி மருந்தத் தொட மாட்டான். கசத்துக்கு ராப்பகலா நாங்களே காவல் இருக்கோம்."

"அண்ணாச்சி, அவனுக்கு வாய் இருக்கு" என்றாள் அக்கா. "யாரு அடிச்சான்னு அவன் ஊர்ல போய்ச் சொல்லுவான். போலீஸ் உங்களப் பிடிக்கலன்னா அவனுவ வந்து பிடிப்பானுவ. அரிவாளோட வருவானுவ. உங்க பேத்தி இருக்க வீட்டுக்கு வருவானுவ."

"வந்தா பாத்துக்கிடுதோம்."

"அந்தப் பாத்துக்கிடுததுதான் வேண்டாம்ங்கேன்."

அவர் எழுந்துவிட்டார். "நீங்க வர்றதுக்கு முன்னாடி நாங்க நிம்மதியாத்தான் மருந்து அடிச்சிக்கிட்டு இருந்தோம்" என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு நான் அக்காவிடம் கத்தினேன். ஒரே ஒரு பொய். அதைச் சொல்லிவிட்டால் ஊர் கையில் இருக்கும், கசம் கையில் இருக்கும், இத்தனை வருஷ உழைப்பு கையில் இருக்கும். தோட்டா போட்ட களவாணிக்காக அத்தனையையும் ஆற்றில் விடப்போகிறாயா? அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. சின்ன வயதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஆப்பிளை நறுக்கினேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். முதலில் மடைக்காரர் பெயர். பிறகு மற்றவர்கள். களைக்கொட்டு வைத்திருந்த பெண்களைச் சொல்லும்போது மட்டும் குரல் நின்று நின்று வந்தது.

மடைக்காரரைக் கைவிலங்கு போட்டுக் கூட்டிப்போனதை, கை போனவனின் ஊர்க்காரர்கள் ரோட்டோரம் நின்று பார்த்தார்கள். கூடிய கூட்டம் கலைந்தது. ஒரு படப்புகூட எரியவில்லை. ஆனால் மடைக்காரர் ஊரில் அக்கா பெயரை எடுத்தாலே காறித் துப்பினார்கள். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் எனக்கும் துப்பத்தான் தோன்றியிருக்கும்.

பழிக்கு அவர்கள் செய்தது இதுதான். ஒருநாள் காலையில் ஏழெட்டுப் பேர் என் கடைக்கு வந்து மருந்து கேட்டார்கள், பெரிய டப்பாவாக. எதற்கு என்று முகத்திலேயே தெரிந்தது. "இல்ல" என்றேன். அலமாரிக் கண்ணாடியை உடைத்தார்கள். மறித்த என் வாயில் ஒரு குத்து விழுந்தது, ஒரு பல் ஆடிப்போயிற்று. எடுத்துக்கொண்டு போய், பூச்சி இருக்கிற வயல், இல்லாத வயல் என்று பார்க்காமல் வடிகால் ஓரம் முழுக்க அடித்தார்கள். டப்பாவில் போட்டிருந்த அளவுக்கு இரண்டு மடங்காக அடித்தார்கள். நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது காற்றே கசந்தது. நண்டுகள் வரப்பேறிக் காலை உதறிக்கொண்டு செத்தன. தவளைகள் மல்லாந்து கிடந்தன. நட்டுவைத்த குச்சிகளுக்குக் கீழே கரிச்சான்கள் சிறகை விரித்தபடி கிடந்தன. மேற்கே மலை கறுத்து, மழை இறங்க ஆரம்பித்திருந்தது. வயல் நிரம்பினால் அவ்வளவும் வடிகாலில் இறங்கும். மேலிருந்து அடித்து வந்த வெள்ளத்தோடு கசத்துக்குள் அப்போதுதான் புதுக் குஞ்சுகள் சேர்ந்திருந்தன. அக்கா கட்டுப்போட்ட தோளோடு வடிகால் வாய்க்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

எங்களுக்கு முன்னால் அங்கே மடைக்காரர் இருந்தார். ஜாமீனில் அன்றுதான் வந்திருக்கிறார். வடிகால் மடையின் பலகையை இறக்கி, சேற்றை வாரி வாரி அடைத்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் மருந்து வாடையோடு அவரைச் சூழ்ந்து நின்றார்கள். அவருடைய சொந்தத் தங்கை மகன், "திறங்க மாமா, தண்ணி போகட்டும், அவ பாக்கணும்" என்று கத்திக்கொண்டு பலகையைப் பிடுங்க வந்தான். அவர் நகரவில்லை. அவன் தள்ளினதில் வாய்க்காலுக்குள் விழுந்தார். ஏறி வந்து மறுபடியும் பலகை மேல் உட்கார்ந்தார். மறுபடியும் தள்ளினார்கள். கல் ஒன்று நெற்றியில் பட்டது. நான் பார்த்த வரையில் அவர் ஒருவரையும் திருப்பி அடிக்கவில்லை, அந்த முன்கோபி.

"அவ செஞ்சது வேற கதலே" என்றார் நெற்றி ரத்தத்தை வழித்துவிட்டு. "ஆறு என்னல செஞ்சிச்சு?"

மழை வலுத்ததும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அக்கா அவருக்குக் கொஞ்சம் தள்ளி, நனைந்துகொண்டு நின்றாள். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, "அவங்களக் கூட்டிட்டுப் போங்க, கடைக்கார அண்ணாச்சி" என்றார்.

வடிகாலை அடைத்தால் தண்ணீர் எதிர்த்து ஏறிக் கடைசி வயலில்தான் நிற்கும். கடைசி வயல் அவருடையது. விஷத் தண்ணீரில் மூழ்கி அந்தக் கார் பயிர் முழுவதும் அழுகியது. வெயிலில் தண்ணீர் வற்றும்வரை அவர் பலகையைத் தூக்கவில்லை. கேஸ் நடந்தபோது கோர்ட்டில் அக்கா சொன்னதையெல்லாம் ஒத்துக்கொண்டு, ஜெயிலுக்குப் போய் வந்தார். அதன் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். ஊரில் மற்றவர்கள் ஒவ்வொருவராக அக்காவிடம் பேச ஆரம்பித்தார்கள், வேப்பங்கொட்டை இடிக்கவும் ஆரம்பித்தார்கள். அவர் மட்டும் பேசவில்லை. அவள் வரப்பில் வருவது தெரிந்தால் எழுந்து அடுத்த வயலுக்குப் போய்விடுவார். அவள் போன பிறகு திரும்பி வந்து, மடைப் பலகை சரியாக இறங்கியிருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்ப்பார்.